தில்லியின் முதுவேனிலும் நம் வீட்டுத் திண்ணையும்

பள்ளிக்கூடத்தில் ஆறு பெரும்பொழுதுகளை மூச்சு விடாமல் ஒப்பித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார். இந்தக் கணக்கை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்தால் சரிப்பட்டு வராது. நமக்கு முதுவேனில் என்று சொல்லும் ஆனியின் நடுவில், ஜூன் 27 வாக்கில், இங்கே பருவமழை தொடங்கிவிடுகிறது. நாம் கார்காலம் என்று சொல்லும் ஆவணியிலோ மழை விட்டு விட்டுப் பெய்து, நடுநடுவே வெயில் பல்லைக் காட்டி, புழுக்கம் ஆளைக் கொல்கிறது. செப்டம்பர் 25 வாக்கில் பருவமழை விடைபெற்ற பிறகுதான் காற்றில் ஒரு மாற்றம் தெரியும். ஆக, தில்லியின் முதுவேனில் ஆவணியும் புரட்டாசியும்தான் என்பது என் கட்சி. ஆவணி அதன் கசப்பான பாதி, புரட்டாசி அதன் இனிப்பான பாதி.

அந்த இனிப்பான பாதியை, புரட்டாசி மாதம் முழுவதையும், நான் பல வருஷங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கழித்துவிட்டேன். அந்தத் தவறை எனக்கு உணர்த்தியவர் என் அம்மா. அந்தக் கதையையும், அதையொட்டி நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட சில விஷயங்களையும் இங்கே எழுதுகிறேன். நம்மைப் போல் அடுக்கு வீடுகளில் வசிக்கும், ஊரிலிருந்து வயதானவர்களை அழைத்து வந்து வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம்.

அம்மா வந்த வருஷம்

அப்பா காலமான பிறகு, 2012இல் அம்மாவை எங்களுடன் அழைத்து வந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே நுழைந்தால் தாழ்வாரம், நடுவில் முற்றம், பின்னால் கிணற்றடி. ஒரு நாளில் பாதி நேரம் வானத்தைப் பார்த்தபடியே வேலை செய்து பழகியவர். எங்கள் வீடோ மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு கூடம், சாமான்கள் அடைத்த ஒரு பால்கனி. மேலே மொட்டை மாடி உண்டு. ஆனால் அதன் கதவில் இரண்டு வருஷமாகப் பூட்டுத் தொங்கியது.

"ஏம்ப்பா, டப்பாவுக்குள்ள போட்டு மூடினாப்ல இருக்கே" என்று வந்த முதல் வாரமே சொன்னார். நான் சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பிற்பகல். மின்சாரம் போயிருந்தது. அம்மா சமையலறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். என் மனைவி மட்டும்தான் வீட்டில். டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் நீர்ச்சத்து குறைந்துபோயிருக்கிறது, கூடவே புழுக்கம் என்றார். விசாரித்ததில் உண்மை தெரிந்தது. வீட்டில் ஒரே ஒரு குளியலறை. அடிக்கடி போனால் பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: "இவர் வெளியே உட்காருவது உண்டா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கூலர் ஏன் கைவிடுகிறது?

"மே மாதம் நாற்பத்திரண்டு டிகிரியில் தாங்கினோம், ஆகஸ்டில் முப்பத்துநான்கில் ஏன் இப்படி?" என்று நாம் எல்லோருமே கேட்டிருப்போம். விடை காற்றின் ஈரத்தில் இருக்கிறது.

தண்ணீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். நம் வியர்வையும் மண்பானைத் தண்ணீரும் வெட்டிவேர்த் தட்டியும் டெசர்ட் கூலரும் எல்லாம் இந்த ஒரே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. ஆனால் காற்று எவ்வளவு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. மே மாதத்தில் லூ வீசும் பிற்பகலில் 42 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை நீரால் சுமார் 24 டிகிரி வரை குளிர்விக்கலாம். நல்ல கூலர் 28 டிகிரிக் காற்றைக் கொடுத்துவிடும். ஆகஸ்டில் 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் என்றால் எல்லை 29 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. கூலர் கொடுப்பது 30 டிகிரிக் காற்று, அதுவும் சொட்டச் சொட்ட ஈரமாக. உடம்பில் வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

வயதானவர்களுக்கு இது ஆபத்து. தாகம் எடுக்கும் உணர்வே அவர்களுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே கேட்டுக் கேட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மயக்கம், பேச்சில் தடுமாற்றம், உடம்பு கொதிப்பது ஆகியவை தெரிந்தால் ஈரத் துணியால் துடைத்து, விசிறிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

மொட்டை மாடியின் இரவு

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், அந்த வெப்பத்தைப் பல மணி நேரம் கழித்துத்தான் கீழே அறைக்குள் இறக்குகிறது. மேல்மாடிக்காரர்களுக்கு இரவு ஒன்பது மணிக்குக் கூரை அடுப்பு மாதிரி இருப்பதன் காரணம் இதுதான். மின்விசிறி அந்த வெப்பத்தையே தலைமேல் தள்ளுகிறது. அதே சமயம் தளத்தின் மேற்புறம் வானத்தை நோக்கித் தன் வெப்பத்தைக் கதிர்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால் வெப்பம் போயே போய்விடும். மேகமும் ஈரமும் இருந்தால் போன வெப்பத்தில் பெரும் பகுதி திரும்பி வந்துவிடும். ஆகவேதான் ஆவணியில் மேகம் மூடிய இரவில் மொட்டை மாடியும் புழுங்குகிறது; புரட்டாசியில் நட்சத்திரம் தெரிகிற இரவில் எட்டு மணிக்கே சில்லென்று ஆகிவிடுகிறது.

இந்தத் தத்துவத்தின் சக்தியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அலகாபாத் போன்ற வட இந்திய ஊர்களில், குளிர்கால இரவுகளில், குழியில் வைக்கோலும் தட்டையும் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காற்று உறைநிலைக்குப் போகாவிட்டாலும் விடியற்காலையில் தட்டில் பனிக்கட்டி இருக்கும்! ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதை நேரில் பார்த்து எழுதிய குறிப்பு 1775இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

தில்லியில் செப்டம்பரில் சராசரி இரவு வெப்பம் 24, 25 டிகிரி; அக்டோபரில் 20 டிகிரிக்கு வந்துவிடும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள இந்த இடைவெளிதான் வெளியில் உட்காரும் சுகத்தின் இரகசியம். மழை கழுவிவிட்ட காற்று வேறு. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் தில்லியின் காற்று வருஷத்திலேயே சுத்தமாக இருப்பது. அக்டோபர் நடுவில் காற்று அடங்கி, வயல்களில் தாள் எரிக்கும் புகையும் தீபாவளிப் புகையும் வந்து சேர்ந்தால் மறுபடி ஜன்னலைச் சாத்த வேண்டியதுதான். ஆகப் புரட்டாசி முப்பது நாள்தான் நமக்குக் கிடைப்பது.

இவ்வூர்க்காரர்கள் கண்டது

திண்ணையும் முற்றமும் நம்முடையவை மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பழைய தில்லியின் ஹவேலிக்குள் போனால் நடுவில் ஆங்கன் இருக்கும். அது நம் முற்றமேதான். வாசலில் சபூத்ரா இருக்கும். அது நம் திண்ணைக்கு ஒன்றுவிட்ட தம்பி. செங்கோட்டையில் ஷாஜஹான் அமைத்த ஹயாத் பக்ஷ் தோட்டத்தின் இரு முனைகளிலும் இரண்டு சலவைக்கல் மண்டபங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றின் பெயர் சாவன், இன்னொன்றின் பெயர் பாதோன். மழைக்கால மாதங்களின் பெயர்களையே மண்டபத்துக்குச் சூட்டி, வழியும் நீருக்குப் பின்னால் மாடக்குழிகளில் பகலில் பூவும் இரவில் விளக்கும் வைத்தார்கள். அரசனாக இருந்தாலும் அந்தப் பருவத்தில் அறைக்குள் அடைந்து கிடக்கவில்லை.

"பர்சாத்தி" என்று மொட்டை மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு விடுவார்களே, அதில் குடியிருந்துதான் நம்மவர் பலர் தில்லி வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பர்சாத் என்றால் மழை. மாடியில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தூங்குகிறவர்கள் திடீர் மழைக்கு ஒதுங்கக் கட்டிய அறைதான் பர்சாத்தி. அதாவது முதலில் மாடித் தூக்கம், பிறகுதான் அறை! சரத் பூர்ணிமை இரவில் பாயசத்தை நிலா வெளிச்சத்தில் வைத்து மறுநாள் சாப்பிடும் வழக்கம் இங்கே இன்றும் உண்டு. நம் நிலாச்சோறு மாதிரிதான்.

பூட்டிய கதவு

எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள். தண்ணீர்த் தொட்டி வழிந்து ஒருவர் வீட்டுச் சுவர் ஊறியது. யார் பொறுப்பு என்று சண்டை. கோபத்தில் ஒருவர் மாடிக் கதவைப் பூட்டினார். மற்றவர்களும் "நமக்கென்ன" என்று விட்டுவிட்டோம். நானும் அவர்களில் ஒருவன். அம்மா விழுந்த பிறகுதான் எனக்கு வெட்கமாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். யார் மேல் தப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் குறையும், செலவை எட்டாகப் பங்கு போடலாம், தொட்டியின் மிதவை வால்வை மாற்றிவிடலாம் என்று மட்டும் சொன்னேன். முதலில் மூன்று பேர் சம்மதித்தார்கள். பூட்டியவர் பேசவே இல்லை. கீழ்வீட்டு மாதாஜிதான் காரியத்தைச் சாதித்தார். அவர் லாகூரில் பிறந்து பிரிவினையில் குழந்தையாக இங்கே வந்தவர், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவர் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி அந்த வீட்டுக்குப் போய், "பேட்டா, நான் சாவதற்குள் ஒரு தடவை மாடியில் உட்காரணும், சாவியைக் கொடு" என்று கேட்டார். அன்று சாயங்காலமே கதவு திறந்தது.

அந்தப் புரட்டாசி முழுவதும் அம்மாவும் மாதாஜியும் சாயங்காலம் ஐந்தரைக்கு மாடிக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு இந்தி தெரியாது, மாதாஜிக்குத் தமிழ் தெரியாது. மாதாஜி உளுத்தம்பருப்பை அரைத்து, சாம்பல் பூசணியைத் துருவிப் போட்டு, கிள்ளிக் கிள்ளிப் பாயில் வைத்தார். அவர் அதை "வடி" என்றார். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம், "இது நம்ம கருவடகம் மாதிரிதாம்ப்பா, காரம்தான் ஜாஸ்தி" என்றார். மறுநாள் தன் பங்குக்கு மோர்மிளகாய் போட்டார். மயக்கம் போட்டு விழுந்த மனுஷி, மூன்றே வாரத்தில் தண்ணீர்ச் சொம்பைத் தானே நிரப்பிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

நீங்களும் செய்யலாம்

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உரிமை. பல அடுக்கு வீடுகளில் மாடி பொது; ஆனால் பில்டர் கட்டிய தனித்தளங்களில் மாடி உரிமையை மேல்தளத்துக்காரருக்கே சேர்த்து விற்றிருப்பார்கள். பத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வாய்ச் சண்டை மிச்சம்.

இரண்டாவது சுண்ணாம்பு. முதல் நாள் இரவே ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு பூச்சு அடித்தால் புதிதில் வெயிலில் சுமார் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், தூசியில் மங்கும். ஆகவே வருஷா வருஷம் மார்ச் கடைசியில் அடிக்க வேண்டும்.

மூன்றாவது தண்ணீர் தெளிப்பது. பத்து லிட்டர் வாளித் தண்ணீர் முழுவதும் ஆவியானால், ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி வெளியேற்றும் வெப்பத்தை அது தன்னோடு கொண்டுபோய்விடும். வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள், தேங்கவிடாதீர்கள். ஆவணிப் புழுக்கத்தில் இது பயன்படாது, புரட்டாசியில் பயன்படும்.

நான்காவது கைப்பிடிச் சுவர். குழந்தைகள் ஏறக்கூடிய கட்டில், நாற்காலி, பூத்தொட்டி எதையும் சுவரோரம் போடக் கூடாது. நம் பெரியவர்கள் இதை மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ஐந்தாவது கொசு. தில்லியில் டெங்கு தலைதூக்குவது மழை முடிகிற இந்தச் சமயத்தில்தான். 1996இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். பகலில், முக்கியமாகக் காலையிலும் அந்தி சாயும் முன்பும் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரத்தில் ஒரு நாள் தொட்டித் தட்டு, உடைந்த வாளி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும். கூலர் தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது. ஈரமில்லாத சுவரிலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். சாயங்காலம் உட்காரும்போது முழுக்கைச் சட்டை, தூங்கினால் கொசுவலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடித் தூக்கத்தைப் பற்றிப் பழையவர்கள் சொல்வதை எல்லா மாதத்துக்கும் நம்பிவிடக் கூடாது. 2024 ஜூன் 19 அன்று சஃப்தர்ஜங் நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி. கட்டடங்களும் தார்ச்சாலைகளும் ஏ.சி. கக்கும் அனலும் சேர்ந்து, நகரத்தின் இரவு நம் அப்பா காலத்து இரவாக இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் வயதானவர்களைக் குளிர்ந்த அறையில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். இயற்கைமேல் உள்ள ஆசையால் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

பால்கனித் திண்ணை

மாதாஜி 2019இல் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஒரே ஒரு மாடி ஏறுவதும் முடியாது. மறுபடியும் டப்பாதானோ என்று நான் கவலைப்பட்டபோது, என் மனைவிதான் பால்கனியைக் காட்டினாள்.

நாலடிக்குப் பத்தடி இடம். அதில் பழைய கூலர், இரண்டு ட்ரங்குப் பெட்டி, ஊரிலிருந்து வந்த பித்தளை அண்டா, ஐந்து வருஷத்துச் செய்தித்தாள். கம்பிக்கு வெளியே தெரியக் கூடாது என்று பச்சைப் படுதா வேறு கட்டியிருந்தோம். கபாடிவாலாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் போட்டோம், அண்டாவைத் தவிர. படுதாவை அவிழ்த்தோம். ஒன்றரையடி உயரத்தில் ஒரு பெஞ்சைச் சுவரோரமாக, கம்பியிலிருந்து தள்ளிப் போட்டோம். கிழக்குப் பார்த்த பால்கனி. ஆகவே மதியத்துக்கு மேல் வெயில் கிடையாது.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. திண்ணைக்குத் தேவை பெரிய இடமில்லை. நிழல் வேண்டும், காற்று வேண்டும், முதுகு சாய ஒரு சுவர் வேண்டும். அதைவிட முக்கியமாக, போகிற வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும், அவர்கள் கண்ணிலும் நாம் பட வேண்டும். பச்சைப் படுதா கட்டிய நாளில் நாங்கள் மறைத்தது சாமான்களை மட்டுமல்ல.

இப்போது சாயங்காலம் கீழே கறிகாய் வண்டிக்காரர் வந்தால், மூன்றாவது மாடியை நிமிர்ந்து பார்த்து, "அம்மாஜி, இன்னிக்கு வெண்டைக்காய் நல்லா இருக்கு" என்று இந்தியில் கத்துகிறார். அம்மா எங்கள் வீட்டுக் கயிற்றுக் கூடையை இறக்குகிறார். இத்தனை வருஷத்தில் அம்மா கற்றுக்கொண்ட இந்தி பத்துப் பதினைந்து வார்த்தைதான். ஆனால் பேரத்துக்கு அது தாராளமாகப் போதுகிறது.

புரட்டாசி பிறந்துவிட்டால் நாட்கள் ஓடிவிடும். கொலு வைக்க வேண்டும், சனிக்கிழமைக்குத் தளிகை போட வேண்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று நமக்கு நூறு வேலை. அவற்றுக்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி உங்கள் பால்கனியைக் காலி செய்துவிடுங்கள். மாடிக் கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். வீட்டில் அம்மாவோ அப்பாவோ மாமியாரோ இருந்தால், ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வையுங்கள்.